காட்டேரி வேட்டைக்காரர் வேறு உலகத்துக்குப் போவதைக் காதுக்கு எப்படிக் காட்டுவது?

கேள்வி இது: யாழ்ப்பாணத்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ஓர் ஒலி நாடகம் செய்கிறார்கள். காட்டேரி வேட்டைக்காரர் நான்கு பேர் நிலாவரைக் கிணற்றுக்குள் இறங்கி, இதே யாழ்ப்பாணத்தைப் போல இருக்கிற இன்னொரு யாழ்ப்பாணத்தில் ஏறுகிறார்கள். முதல் பாகத்தைக் கேட்டவர்கள், உலகம் எந்த இடத்தில் மாறியது என்று விளங்கவில்லை, காட்டேரியும் பயமாக இல்லை என்று சொல்கிறார்களாம். என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் அனுப்பிய பாகத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கதை நல்ல கதை. நிலாவரையைத் தேர்ந்தெடுத்தது அதைவிட நல்லது, ஏனென்றால் அந்தக் கிணற்றைப் பற்றி இங்கே எல்லாரிடமும் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது, அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் கேட்காத பிள்ளை கிடையாது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர், சுற்றிவரச் சுண்ணாம்புக்கல். ஒரே கிணற்றில் இரண்டு தண்ணீர் இருக்கிற ஊரில் இரண்டு உலகம் இருப்பதை நம்ப வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

பிரச்சினை நீங்கள் உலகத்தை மாற்றிய விதத்தில் இருக்கிறது. பெரிய "வூஷ்" ஒன்று, இடி, பிறகு இசை, அது முடிந்ததும் ஒருவர் "ஐயோ, வானம் சிவப்பாக இருக்கிறதே, நாங்கள் வேறு உலகத்துக்கு வந்துவிட்டோம்!" என்கிறார். கேட்பவர் பஸ்ஸில் இருக்கிறார், அல்லது குசினியில் வேலை செய்துகொண்டு கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். அவருக்கு அந்த வூஷ் காட்சி மாறும்போது வருகிற இசை மாதிரித்தான் கேட்கும். அது வேறு ஓர் இடத்தின் சத்தம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. வானம் சிவப்பாக இருப்பதும் கண்ணுக்கு உரிய விஷயம், காதுக்கு அதில் ஒன்றுமில்லை.

சத்தத்தாலேயே ஒரு பயணத்தைக் காட்டி வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1963இல் பிபிசியின் ஒலி உருவாக்கும் பிரிவான ரேடியோஃபோனிக் வேர்க்‌ஷொப்பில் பிரையன் ஹொட்ஜ்சன் தன் தாயாரின் வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் தந்திகளை உரசிப் பதிவு செய்து, அதை நாடாவில் பலவிதமாக மாற்றித்தான் டொக்டர் ஹூ தொடரில் பெட்டி வடிவில் வருகிற கால இயந்திரத்துக்குச் சத்தம் உண்டாக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பெட்டி எங்கோ போகிறது என்று இன்றைக்கும் தெரிகிறது. ஆனால் அது வாரத்துக்கு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டதால் பதிந்தது, தவிர அது தொலைக்காட்சி, பெட்டி மறைவது கண்ணுக்கும் தெரிந்தது. உங்களிடம் ஒரு பாகம்தான் இருக்கிறது, அதிலும் படம் இல்லை.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த வழி நம்மிடமே இருக்கிறது, அதுவும் நயினாதீவோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கதையில். மணிமேகலையைத் தெய்வம் உறக்கத்தில் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை தெற்கே கொண்டுபோய் மணிபல்லவத்தில் விடுகிறது. அவள் விழிக்கிறாள். அந்த நேரத்தில் சாத்தனார் இடி முழக்கவில்லை. இது தான் இருந்த உவவனம் என்ற பூந்தோட்டத்திலேயே ஒரு பக்கமோ என்றுதான் அவள் முதலில் நினைக்கிறாள். தோழி சுதமதி எங்கேயோ ஒளிந்துகொண்டு வேடிக்கை காட்டுகிறாள் என்று எண்ணிக் கூப்பிடுகிறாள். பதில் வரவில்லை. நனவோ கனவோ என்று தடுமாறி, மறுபடி கூப்பிட்டு, நடந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் தான் வேறு இடத்தில் தனியாக நிற்பது அவளுக்கு உறைக்கிறது. கூப்பிட்டதற்குப் பதில் வராததே எல்லை. இதைவிடக் காதுக்கு ஏற்ற காட்சி வேறு என்ன வேண்டும்? வழக்கமாக ஒரு சத்தம் வருகிற இடத்தில் அது வராமல் போனால், கேட்பவர் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்.

ஆக, வராமல் போகப் போகிற சத்தத்தை முதலில் அவர் காதில் நன்றாகப் பதிய வைத்திருக்க வேண்டும். உங்கள் முதல் பாகத்தில் நம் உலகமே இல்லை. நேரே கிணற்றடியில் தொடங்கி, உடனே இறங்கிவிடுகிறார்கள். குறைந்தது முதல் ஆறேழு நிமிடம் சாதாரண யாழ்ப்பாணம் ஒன்று காதில் ஓட வேண்டும்: படலை திறக்கிற கிறீச், ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள், பனையோலையில் சோளகக் காற்று, குசினியில் தாளிக்கிற சத்தம், கோயில் மணி, காலையில் பாண் வண்டி போட்டுக்கொண்டு வருகிற அந்தப் பேத்தோவன் மெட்டு. இவற்றை அலங்காரமாகப் போடாமல், பாத்திரங்கள் இவற்றோடு வாழ்வதாகக் காட்டுங்கள், "பாண்காரன் வாறான், ஒரு றாத்தல் வேண்டு" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த மெட்டு இனி காலைப்பொழுதின் அடையாளம்.

இப்போது அந்த மற்ற யாழ்ப்பாணம். நீங்கள் அதில் சிவப்பு வானம், இரண்டு நிலா, தலைகீழாக ஓடும் கடிகாரம், பேசும் காகம் என்று நிறையப் போட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வித்தியாசத்தை வையுங்கள், மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து வர விடுங்கள். நான் ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த உலகத்தில் நெருப்புப் பிடிக்காது. எப்போதுமே பிடித்ததில்லை.

இது ஏன் என்றால், இங்கே பெரும்பாலும் இறந்தவரை எரிக்கிறோம். காட்டேரிக் கதையோ புதைத்த உடலிலிருந்து பிறந்தது. அதற்கு எழுத்தில் பதிவான சாட்சிகள்கூட உண்டு, 1725இல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பேட்டர் பிளாகோயெவிச் என்பவரின் குழியைத் தோண்டிப் பார்த்தார்கள், 1732இல் மெட்வெஜா என்ற ஊரில் ஓர் இராணுவ வைத்தியர் குழிகளைத் தோண்டி உடல்களைப் பரிசோதித்து அறிக்கையே எழுதினார். மண்ணுக்குள் உடல் எப்படி மாறும் என்று தெரியாமல், ஊதிய வயிற்றையும் வாயோரம் கசிந்த இரத்தத்தையும் பார்த்து, இது யாரையோ குடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். கடைசியில் 1755இல் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா அரசி தன் வைத்தியர் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் சொல்லி, இந்தக் குழி தோண்டும் வேலையையே தடை செய்தார். உங்கள் நாடகத்தைக் கேட்கிற புத்திசாலி ஒருவர் நிச்சயம் கேட்பார், எரிக்கிற ஊரில் காட்டேரி எங்கிருந்து வந்தது என்று. நெருப்பே பிடிக்காத யாழ்ப்பாணம் என்றால் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது, அங்கே யாரையும் எரிக்க முடியவில்லை. இதை ஏதாவது ஒரு சமயத்தாரின் அடக்க முறையோடு கொண்டுபோய் முடிச்சுப் போடாதீர்கள், நம் ஊரில் புதைக்கிறவர்களும் நம் அயலவர்கள்தான். அங்கே எல்லாருக்கும் ஒரே கதி என்று வைத்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது.

காதுக்கு இதில் கிடைப்பவை இன்னும் அதிகம். நெருப்பில்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ் இல்லை, தாளிக்கிற சத்தம் இல்லை, வெடி இல்லை, பாண் இல்லை. உலோகத்தை உருக்க முடியாது, ஆகவே கோயிலில் மணி இல்லை, சங்கு மட்டும் ஊதுகிறார்கள். கிணற்றில் இரும்புக் கப்பி இல்லை, துலா மட்டும் மரத்தோடு மரம் உரசிக் கிறீச்சிடுகிறது, வாளிக்குப் பதில் பனையோலைப் பட்டை தண்ணீரில் விழுகிறது. நீங்கள் முதல் ஏழு நிமிடத்தில் பதிய வைத்த ஒவ்வொரு சத்தமும் இங்கே ஒன்றில் இல்லாமல் போகிறது, அல்லது வேறு ஒன்றாக வருகிறது. ஒருவரும் "வேறு உலகம்" என்ற சொல்லை வாயில் எடுக்கத் தேவையில்லை. கிணற்றிலிருந்து ஏறியதும் இப்படி ஒரு காட்சி போதும்:

"நெருப்புப் பெட்டி ஆரிட்ட?"

"என்னட்ட. பொலித்தீன் பைக்குள்ள சுத்தி வைச்சனான்."

குச்சி உரசும் சத்தம். மறுபடி. மறுபடி.

"நனைஞ்சு போச்சோ?"

"இல்லையண்ணை, காஞ்சுதான் கிடக்கு."

மறுபடி உரசல். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

"காணும் தம்பி. அதை உள்ள வை."

தூரத்தில் சங்கு.

அந்த அண்ணைக்கு விளங்கிவிட்டது, கேட்பவருக்கும் விளங்கிவிட்டது. இதற்கு இசையே போடாதீர்கள்.

வேட்டைக்காரருக்கும் இதில் நல்ல ஆயுதம் கிடைக்கிறது. இரும்புக்குப் பேய் அஞ்சும், புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டுவார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை. இரும்பே இல்லாத உலகத்துக்கு இவர்கள் ஒரு சின்னப் பையில் ஆணிகளைக் கொண்டுபோகிறார்கள். நடக்கும்போது பை கிலுங்குகிறது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அந்தக் கிலுங்கல் மெலிகிறது. எத்தனை ஆணி மிச்சம் என்று யாரும் சொல்லாமலே கேட்பவர் கணக்கு வைப்பார். உள்ளிப்பூடு, சிலுவை, கூரிய மரக்கட்டை என்று நீங்கள் வைத்திருப்பதை எல்லாம் விட்டுவிடலாம். நாம் தினமும் இரசத்தில் போடுகிற உள்ளியைக் காட்டி ஒரு பேயை விரட்டினால் கேட்கிற எங்கள் ஆட்களுக்குப் பயம் கலைந்துவிடும்.

அடுத்தது, காட்டேரி ஏன் பயமாக இல்லை என்பது. நீங்கள் அதற்குக் குரலைத் தடிப்பாக்கி, எதிரொலி போட்டு, உறும வைத்திருக்கிறீர்கள். நான் நேர் எதிராகச் செய்யச் சொல்வேன். ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலாவுக்குக் கண்ணாடியில் உருவம் விழாது. அது கண்ணுக்கான பயம். காதில் அதற்குச் சமமானது எது? எதிரொலி விழாமல் இருப்பது. கிணற்றுக்குள் நான்கு பேர் கதைக்கிறார்கள், மூன்று பேரின் குரல் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, நான்காவது ஆளின் குரல் மட்டும் பக்கத்தில் நின்று கதைப்பது போல வெறுமையாக, திரும்பாமல் கேட்கிறது. பாத்திரங்கள் அதைக் கவனிக்கவில்லை. கேட்பவர்களில் ஒரு சிலர் மட்டும் கவனிப்பார்கள், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள், திரும்பப் போய்க் கேட்பார்கள். செய்வதும் சுலபம், அந்த ஒரு தடத்துக்கு மட்டும் ரிவேர்ப், அதாவது எதிரொலிச் சேர்ப்பு, போடாமல் விடுங்கள், அவ்வளவுதான். அடையாளம் இதுதான் என்று பிறகு ஒரு பாகத்தில் ஆச்சி ஒருத்தி சொல்லட்டும்.

கிணற்றின் எதிரொலியைக் கணினியில் உள்ள ஆயத்த ரிவேர்ப்பால் செய்யாதீர்கள், அது தேவாலயம் மாதிரிக் கேட்கிறது. உங்கள் வளவிலேயே கட்டுக்கிணறு இருக்கும். காற்றில்லாத அதிகாலையில் கிணற்றுக் கட்டில் மைக்கை வைத்து, உள்ளே ஒரு பலூனை உடைத்து, சத்தம் முற்றாக அடங்கும் வரை பதிவு செய்யுங்கள். ரீப்பர் என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ரியாவேர்ப் என்று ஒன்று இருக்கிறது, அந்தப் பதிவை அதற்குக் கொடுத்தால் எந்தக் குரலையும் அந்தக் கிணற்றுக்குள் வைத்துவிடும். பெரிதாகச் செலவில்லாமல் இவ்வளவு பெரிய பலன் வேறு எதிலும் கிடைக்காது.

இன்னொன்று, ஸ்டோக்கரின் காட்டேரி அழைக்காமல் வீட்டுக்குள் வராது. நம்மிடம் அதன் இன்னொரு வடிவம் இருக்கிறது, இரவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே, மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனுசர் என்று ஆச்சிமார் சொல்வார்கள். ஒலி நாடகத்துக்கென்றே செய்து வைத்த விதி இது. படலையடியில் ஒரு குரல், நமக்குத் தெரிந்த பாத்திரத்தின் குரல், "தம்பி" என்று ஒருமுறை கூப்பிடுகிறது. காத்திருக்கிறோம். இரண்டாவது குரல் வருமா வராதா? அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டுங்கள். ஆனால் அங்கே முழு வெறுமையை வைக்கக் கூடாது, கைத்தொலைபேசி நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைப் பார்ப்பார்கள். பதிவு செய்கிற இடத்தின் சும்மா இருக்கிற சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைத்திருந்து, அதை அடியில் ஓட விடுங்கள்.

இங்கே ஒன்றை மனதில் வையுங்கள், இதை நான் முக்கியமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் இரவில் படலையடியில் கேட்கிற குரலும், ஒழுங்கை ஒழுங்கையாக நகர்ந்து வருகிற நாய்க் குரைப்பும் கற்பனைப் பயம் அல்ல. நாற்பது வயது தாண்டியவர்கள் அந்தக் குரைப்பைக் கேட்டு யார் எங்கே வருகிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள். உங்களுடைய முதல் பாகத்தில் சப்பாத்துச் சத்தமும் ஹெலிகொப்டரும் வருகின்றன, பயத்தைக் கூட்டுவதற்காக மட்டும். அவற்றை எடுத்துவிடுங்கள். கதைக்குப் போர் தேவை என்றால் போரைப் பற்றியே எழுதுங்கள், பேய்க்கதைக்கு மசாலாவாக அந்தச் சத்தங்களைத் தூவ வேண்டாம். படலைக் காட்சியை வைத்திருங்கள், அது வலுவானது, பாகத்தின் தொடக்கத்தில் இரவில் வீட்டு வாசலில் அழைக்கிற காட்சி உண்டு என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். கேட்பதா வேண்டாமா என்று அவரவர் முடிவெடுக்கட்டும்.

சின்னச் சத்தங்கள் செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்குகிற சத்தத் தொகுப்புகளில் யாழ்ப்பாணம் கிடைக்காது, நீங்களே செய்ய வேண்டும், நம் வளவு அதற்கு நல்ல களஞ்சியம். எலும்பு முறிய, நன்றாகக் காய்ந்த ஒடியலை மைக்குக்குப் பக்கத்தில் ஒடியுங்கள். இரத்தம் குடிக்கிற சத்தத்துக்கு நுங்கை விரலால் நோண்டி உறிஞ்சினால் கேட்கிறவருக்கு வயிறு பிரட்டும், அளவாகப் போடுங்கள். உடம்பில் ஆணி இறங்க வத்தகப்பழம், இது உலகம் முழுவதும் வானொலிக்காரரின் பழைய வழி. வௌவால் சிறகுக்குப் பழைய குடையைச் சடசடவென்று விரித்து மடக்குவது போதும். பனங்காட்டுக்குள் நடப்பதற்கு மட்டும் மாற்று ஒன்றும் தேடாதீர்கள், காவோலையைப் பரப்பி அதன் மேலேயே நடந்து பதியுங்கள், அந்தச் சரசரப்பை வேறு எதாலும் கொண்டுவர முடியாது. காட்டேரி நடக்கும்போது காவோலை சத்தம் போடவில்லை என்றால் அதுவும் ஓர் அடையாளம்.

தொழில்நுட்பத்தில் உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை, பதிவு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று. மற்ற உலகம் வந்தவுடன் அடியில் ஓர் ஆழமான முழக்கத்தை ஓட விட்டிருக்கிறீர்கள், ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கிறது, கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே இல்லை, அவ்வளவு தாழ்ந்த சத்தத்தை அதனால் எழுப்ப முடியாது. அதேபோல இடது காது நம் உலகம், வலது காது மற்ற உலகம் என்று பிரித்திருப்பதும் ஒற்றை ஸ்பீக்கரில் ஒன்றாகக் கலந்துவிடும். விளங்கவில்லை என்று சொன்னவர்களில் பலர் இப்படிக் கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள். ஹெட்ஃபோனில் கலவை செய்யுங்கள், ஆனால் கதை விளங்குகிறதா என்பதைக் குசினியில் தண்ணீர் ஓடும்போது தொலைபேசியில் போட்டுப் பாருங்கள்.

இருட்டை வானொலி எப்போதுமே நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது. 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய, வானொலிக்கென்றே எழுதிய நாடகம், ரிச்சர்ட் ஹியூஸ் எழுதியது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விளக்கு அணைவதோடு தொடங்குகிறது, கேட்பவரும் பாத்திரங்களும் ஒரே இருட்டில். ஓர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டர் 1938 ஜூலையில் வானொலிக்கு வந்தபோது முதலில் எடுத்த கதையே டிராகுலாதான். நமக்கும் இது புதிதில்லை. சானாவின் லண்டன் கந்தையா, சில்லையூர் செல்வராசனின் தணியாத தாகம் என்று வானொலிக்கு முன்னால் குடும்பமாக இருந்து கேட்ட ஊர் இது. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைத் தேடிக் கேளுங்கள், வெறும் ஒலிப்பதிவாக. சுடலையும் இரவும் ஒரு மனுசனின் குரலுக்குள் எப்படி வந்துவிடுகின்றன என்று பாருங்கள். உங்கள் நடிகர்கள் எல்லாரும் பயத்தைக் கத்திக் காட்டுகிறார்கள், பயந்தவன் மூச்சைத்தான் முதலில் அடக்குவான்.

கடைசியாக நடிகர்கள். நான்கு வேட்டைக்காரரும் இருபது வயதுப் பெடியன்களின் குரல், எனக்கே இரண்டு பேரைப் பிரித்து அறிய முடியவில்லை. ஒருவரைப் பரியாரியாராக, அறுபது தாண்டியவராக மாற்றுங்கள். இன்னொருவர் பெண்ணாக இருக்கட்டும், ஆணிப் பையை அவர் வைத்திருக்கட்டும். முதல் சில நிமிடங்களில் ஒவ்வொருவரையும் மற்றவர் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட வையுங்கள், அண்ணை, அக்கா, பரியாரியார் என்று, அப்போது யார் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற உலகத்து ஆச்சிக்கு நடிகை தேடாமல், உங்களில் யாருடைய சொந்த ஆச்சியிடமாவது கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், காட்சியைச் சொல்லிவிட்டு அவர் தன் வாயில் சொல்லட்டும். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளலாம். முதல் பாகத்தைத் திருத்தியதும் அனுப்புங்கள், குறிப்பாக நெருப்புக் குச்சிக் காட்சியையும் படலைக் காட்சியையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.